பொந்து மெயிலும் பட்டினி கிடந்த இருவாச்சியும்

ஒரு காட்டில் மலை அணில் ஒன்று இருந்தது. அணில் என்றதும் உங்கள் வீட்டுக் கொய்யாவைக் கடித்துப் போட்டுவிட்டு ஓடுகிற குட்டி அணிலை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது பூனை அளவு இருக்கும். வால் உடம்பைவிட நீளம். அந்த வாலைப் பார்த்துத்தான் அவனுக்குச் சடைவாலன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தக் காட்டில் கணினி இருந்தது, கைப்பேசி இருந்தது, இணையமும் இருந்தது. காட்டுக்குள் இணையம் எப்படி வந்தது என்று கேட்கிறவர்கள், அணில் எப்படிப் பேசும் என்றும் கேட்டாக வேண்டும். அதைக் கேட்காமல் தலையாட்டப் போகிறவர்கள் இதற்கும் தலையாட்டிவிட்டு வாருங்கள்.

அப்போதெல்லாம் ஒருவருக்கு மெயில் வந்தால் அது அவருடைய கணினியில் வந்து இறங்கிவிடும். அந்தக் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தால்தான் படிக்க முடியும். யானைக் கூட்டத்தின் கணினி ஆற்றங்கரை மூங்கில் புதருக்குள் இருந்தது. கோடையில் யானைகள் மலைக்கு மேலே போய்விடும். 'சித்தி மகளுக்குப் பிரசவ நேரம், உடனே வரவும்' என்று வந்த மெயிலை மழை பிடித்துக் கீழே இறங்கிய பிறகுதான் படிப்பார்கள். அதற்குள் பிறந்த குட்டி எல்லார் மேலும் மண்ணை வாரி இறைத்துத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும்.

சடைவாலன் இதைப் பார்த்து யோசித்தான். மலை அணில்கள் ஒரு கூட்டோடு நிற்பதில்லை. நாலைந்து மரங்களில் கூடு கட்டி வைத்துக்கொண்டு, எங்கே இருட்டுகிறதோ அங்கே படுத்துவிடும். 'படுக்கவே எனக்கு ஒரே இடம் கிடையாது, கடிதம் படிக்க மட்டும் எதற்கு ஒரே இடம்?' என்று அவனுக்குத் தோன்றியது. உட்கார்ந்து ஒரு நிரல் எழுதினான். எல்லாருடைய மெயிலும் ஒரு பெரிய பொந்தில் பத்திரமாக இருக்கும். காட்டின் எந்த மூலையில் எந்தக் கணினி கிடைத்தாலும் சரி, பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினால் உங்கள் கடிதம் உங்கள் முன்னால் வந்து நிற்கும். அதற்குப் பொந்து மெயில் என்று பெயர் வைத்தான்.

முதலில் வந்து சேர்ந்தவர்கள் பக்கத்து மரத்து இருவாச்சித் தம்பதி. மனைவி மஞ்சளி, கணவன் பறம்பன்.

இருவாச்சிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முட்டையிடும் காலம் வந்தால் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வாசலை மண் பூசி அடைத்துவிடும். அலகு நீட்டுகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டிருக்கும். குஞ்சு ஓரளவு வளரும்வரை வெளியே வராது. உள்ளே இருக்கும்போது சிறகும் உதிர்ந்துவிடுவதால் வந்தாலும் பறக்க முடியாது. ஆண் இருவாச்சிதான் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும். அவன் வராவிட்டால் உள்ளே இருப்பவர்கள் கதி அவ்வளவுதான். இதைப் பெரிய தியாகம் என்று புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் யாரும் பொந்துக்குள் உட்கார்ந்து பார்த்ததில்லை.

முதல் வருடம் பொந்து மெயில் அற்புதமாக வேலை செய்தது. மஞ்சளி உள்ளே இருந்தபடி கைப்பேசியில், "இன்னிக்கு அத்தி வேண்டாங்க, நாவப்பழம் இருந்தா கொண்டு வாங்க" என்று தட்டுவாள். மலைக்கு அந்தப் பக்கம் காட்டெருமைகளின் கணினியில் பறம்பன் அதைப் படித்துவிட்டு, அலகு நிறைய நாவல் பழத்தோடு பறந்து வருவான். காடே வாயைப் பிளந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? யானைகள் வந்தன, செந்நாய்கள் வந்தன, புள்ளிமான்கள் வந்தன. வருடச் சந்தா தலைக்கு ஒரு பிடி கொட்டை. எறும்புகள் தலைக்கணக்கு கட்டுப்படியாகாது என்று சொல்லிப் புற்றுக்கு இவ்வளவு என்று பேரம் பேசி முடித்தன. மான் கூட்டத்துக்கு மட்டும் ரசீது எழுதுவது சிரமமாக இருந்தது. எழுதி முடிப்பதற்குள் புலி வந்து ஒரு தலையைக் குறைத்துவிடும். சடைவாலன் நியாயமானவன். போன தலைக்கு உண்டான கொட்டையைத் துக்கம் விசாரிக்கப் போகும்போதே திருப்பிக் கொடுத்துவிடுவான்.

அவனுக்கு ஒரு கொள்கை இருந்தது. பெரிய பொந்தின் வாசலிலேயே அதைப் பலகையில் எழுதி மாட்டியிருந்தான்: 'உங்கள் கடிதத்தை நாங்கள் படிக்கமாட்டோம்.'

ஒருநாள் புலி அந்த மரத்தடிக்கு வந்து நின்றது.

"தம்பி, நாளைக்கு மானுங்க எந்தப் பக்கம் மேயப் போவுதுன்னு ஒரு கடுதாசி பார்த்துச் சொல்லேன். உனக்கு வேண்டியதைச் செய்யறேன்."

சடைவாலனுக்கு வால் நுனிவரை நடுங்கியது. ஆனாலும் சொல்லிவிட்டான். "ஐயா, என்னை அடிச்சுத் தின்னாலும் சரி, அதை மட்டும் கேட்காதீங்க. அது அவங்க அந்தரங்கம்."

"உன்னைத் தின்னா என் பல்லிடுக்குக்குக்கூடக் காணாது" என்று சொல்லிவிட்டுப் புலி போய்விட்டது. இந்தச் செய்தி காடெங்கும் பரவியது. மான்கள் கண்ணீர் விட்டன. சடைவாலனுக்கு மாலை போட்டார்கள். மாலையில் பாதியை அவன் அங்கேயே தின்றுவிட்டான் என்றாலும் விழா நன்றாகவே நடந்தது.

பழைய கதையாக இருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு, நேர்மை வெல்லும் என்று எழுதிக் கோடு போட்டிருக்கலாம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சிக்கல் முதலில் யானைகளிடமிருந்து வந்தது. சடைவாலன் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று முடிவு செய்தபோது தன்னையே அளவாக வைத்துக்கொண்டான். ஓர் அணிலுக்கு எது தாராளமோ அதுதான் எல்லாருக்கும். யானைகளோ நாலு வரி எழுதிவிட்டு நாற்பது படம் இணைப்பார்கள். குட்டி குளிக்கிற படம், குட்டி திரும்பிக் குளிக்கிற படம். வாரம் தவறாமல் 'உங்கள் பொந்து நிரம்பிவிட்டது, பழையதை அழிக்கவும்' என்று தகவல் வரும்.

"என்ன தம்பி இது? எம் பேத்தி படத்தை நான் அழிக்கணுமா?" என்று யானைத் தலைவி கேட்டாள்.

"கொஞ்சம் சின்ன படமா எடுக்கக் கூடாதாம்மா?"

"நாங்க சின்னதா இருந்தாத்தானே படம் சின்னதா இருக்கும்?"

இந்த நேரத்தில்தான் இன்சொல்லன் என்ற நரி கடை திறந்தது. ஊளை மெயில். சந்தா கிடையாது. இடத்துக்கு அளவு கிடையாது. எதையும் அழிக்க வேண்டாம். காடு முழுக்க ஊளையிட்டு விளம்பரம் செய்தது. யானைகள் அன்றைக்கே கிளம்பிவிட்டன. அவர்கள் போன தடத்தில் மற்றவர்களும் நடந்தார்கள்.

"அவன் எப்படி இனாமாத் தர்றான்னு யோசிச்சீங்களா? உங்க கடிதத்தையெல்லாம் படிப்பான்!" என்று சடைவாலன் கிளை கிளையாகத் தாவிக் கத்தினான்.

நரி அதை மறுக்கவே இல்லை. "ஆமாங்க, படிப்பேன். எழுதினா படிக்கத்தானே?" என்றது பணிவாக.

சடைவாலன் பொந்து மெயிலை மேம்படுத்த உட்கார்ந்தான். கடிதத்தின் பின்னணியில் இலை உதிர்கிற மாதிரி செய்தான். மழை நிலவரம் சேர்த்தான். நாள்காட்டி சேர்த்தான். அனுப்பு என்ற பொத்தானைத் தொட்டால் குயில் கூவும்படி செய்தான். இவ்வளவும் சேர்ந்து பொந்து மெயில் திறப்பதற்குள் ஆமை வந்து சேர்ந்துவிடும் என்று ஆகிவிட்டது. ஆமையே சலித்துக்கொண்டு ஊளை மெயிலுக்குப் போனது.

கடைசியில் மிஞ்சியது மஞ்சளி ஒருத்திதான். முதல் வாடிக்கையாளர், பக்கத்து மரம், பழகிய முகம். அவள் மட்டும் போய்விடக் கூடாது என்று சடைவாலன் தினமும் வேண்டிக்கொண்டான். அவள் ஒருத்தி இருக்கும்வரை பொந்து மெயில் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அவளும் அந்த வருடம் முட்டையிட உள்ளே போகும்போது, "அண்ணே, உங்களை நம்பித்தான் உள்ள போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வாசலை அடைத்தாள்.

முட்டை பொரிந்தது. பறம்பன் மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஆலமரத்தில் இருந்தான். அங்கே ஆண் இருவாச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து காட்டின் நிலைமையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தன. கவலைக்கு நடுவில் ஆலம்பழம் தின்றன. பொந்து மெயில் புதிதாக இருந்தபோது ஒரு கடிதம் விடாமல் படித்த பறம்பன், இப்போது பெட்டியைத் திறப்பதே இல்லை. படிக்காத கடிதங்களின் எண்ணிக்கை மூலையில் சிவப்பாக ஏறிக்கொண்டே போகும். அவன் அதைப் பார்த்து, "அப்பாடா, இதுக்குன்னு ஒரு நாள் உக்காரணும்" என்று பெருமூச்சு விட்டுவிட்டு இன்னொரு பழத்தை விழுங்குவான்.

பொந்துக்குள் பழம் தீர்ந்துவிட்டது. மஞ்சளி கீறல் வழியாக அலகை நீட்டிக் கூப்பிட்டாள்.

"சடைவாலண்ணே! என் மெயில் அவருக்குப் போய்ச் சேர்ந்துச்சா?"

"சேராம இருக்குமா? நம்ம பொந்து மெயிலாச்சே!"

"படிச்சாரா?"

"அதையெல்லாம் நான் பார்க்கமாட்டேம்மா. கொள்கை."

"சரி. ஒருவேளை நான் எழுதினது அவருக்குப் புரியலையோ என்னவோ. நான் என்ன எழுதியிருந்தேன்னா—"

"ஐயோ, சொல்லாதே!" சடைவாலன் பதறிப்போனான். "அது உங்க ரெண்டு பேரோட அந்தரங்கம். நான் கேட்கக் கூடாது!"

"நானேதானே அண்ணே சொல்றேன். பசி—"

அவன் தன் பெரிய வாலை எடுத்து இரண்டு காதையும் இறுகச் சுற்றிக்கொண்டான். கண்ணையும் மூடிக்கொண்டான். அலகசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வதும் படிப்பதில்தானே சேரும்? அவள் கீறல் வழியாக எவ்வளவு நேரம் கத்தினாளோ தெரியாது. உள்ளே குஞ்சும் கத்தியது. அவன் உட்கார்ந்திருந்த கிளையிலேயே அத்திப்பழம் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நாலு பழத்தைப் பறித்துக்கொண்டு ஒரு தாவு தாவினால் அவள் வாசல். ஆனால் அவளுக்குப் பசிக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தெரியக் கூடாது என்பதற்குத்தானே காடே மாலை போட்டது?

எனக்கு இந்த இடத்தில் அவன்மேல் கோபம் வருகிறது. பாவமாகவும் இருக்கிறது. கதையைத் தொடர்கிறேன்.

மஞ்சளி கத்தி ஓய்ந்தாள். குஞ்சின் குரல் தேயத் தொடங்கியிருந்தது. அவள் கைப்பேசியை எடுத்து ஊளை மெயிலில் ஒரு கணக்குத் தொடங்கினாள். அதே கடிதத்தை அதே கணவனுக்கு மறுபடி எழுதினாள். "பழம் சுத்தமாத் தீர்ந்துபோச்சு. குஞ்சுக்கு முடியல. எனக்கும்தான். சீக்கிரம் வாங்க."

அனுப்பிவிட்டுக் கைப்பேசியைக் கீழே வைப்பதற்குள் வாசலில் யாரோ தட்டினார்கள். கீறல் வழியாக ஒரு கறுத்த முகம் தெரிந்தது. அத்திக்கடை வைத்திருக்கிற சோலைமந்தி.

"அம்மா, பழம் வேணும்னு எழுதியிருந்தீங்களாமே? அத்தி இருக்கு, நாவல் இருக்கு. குஞ்சுக்குன்னா நல்லாக் கனிஞ்சதாத் தரட்டுமா?"

மஞ்சளிக்கு உடம்பெல்லாம் கூசியது. "உனக்கு யாரு சொன்னா? நான் எம் புருஷனுக்கில்ல எழுதினேன்!"

"நரி ஐயா படிச்சுட்டுச் சொன்னாரு. பாவம்மா, ரொம்ப வருத்தப்பட்டாரு. உங்களுக்குப் பிடிக்கலேன்னா நான் போயிடறேன்."

மஞ்சளி அலகை உள்ளே இழுத்துக்கொண்டாள். வெட்கமா, ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளே குஞ்சு மெல்ல ஒரு சத்தம் கொடுத்தது.

"கனிஞ்சதாவே குடு" என்றாள். "கொட்டையை அவர் வந்ததும் அவர்கிட்ட வாங்கிக்க."

அன்றைக்கே பொந்து மெயில் கணக்கை மூடினாள். குஞ்சு பிழைத்தது. அது வளர்ந்து, அவளுக்குச் சிறகு முளைத்து, மண்சுவரை உடைத்துக்கொண்டு அவள் வெளியே வந்த அன்று பறம்பனும் வந்து சேர்ந்தான். மெலிந்துபோன மனைவியைப் பார்த்து அவனுக்கு மனம் தாங்கவில்லை.

"என்ன மஞ்சளி இப்படி இளைச்சுட்டே? ஒரு மெயில் போட்டிருந்தா ஓடி வந்திருப்பேனே!"

சடைவாலன் இன்னும் நம்பிக்கையை விடவில்லை. ஊளை மெயிலால் ஒருநாள் எல்லாரும் அனுபவிப்பார்கள், அன்றைக்குத் தன்னைத் தேடி வருவார்கள் என்று காத்திருந்தான். அந்த நாளும் வந்தது. புலி நரியிடம் போய் அதே கேள்வியைக் கேட்டது. நரி மான்களின் கடிதத்தைப் படித்து, எந்தப் புல்வெளி என்று சொல்லிவிட்டது. மறுநாள் கூட்டத்தில் ஒரு மான் குறைந்தது. சடைவாலன் துக்கம் விசாரிக்க ஓடினான். துக்கத்தைவிட வேகம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

"நான் சொன்னேனா இல்லையா?" என்று மூச்சிரைக்கக் கேட்டான்.

மான்களின் தலைவி புள்ளியக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சொன்னே, சரிதான். ஆனா ஒண்ணு சொல்லு. உன் பொந்து மெயில் இருந்தப்பவும் புலி எங்களைப் பிடிச்சுதா இல்லையா?"

"பிடிச்சுது. ஆனா அது தானாத் தேடி வந்துல்ல பிடிச்சுது?"

"செத்தவளுக்கு அதுல என்னப்பா வித்தியாசம்? அப்ப சந்தாவும் கட்டினோம், செத்தும் போனோம். இப்ப சாவு மட்டும்தான்."

சடைவாலன் திரும்பி வந்து பொந்து மெயிலை மூடிவிட முடிவு செய்தான். 'இத்தனை காலம் ஆதரவு தந்த உங்கள் எல்லாருக்கும் நன்றி, உங்கள் கடிதங்களைப் பத்திரமாக எடுத்துக்கொள்ளவும்' என்று பழைய வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் உருக்கமாக ஒரு மெயில் அனுப்பினான். பொந்து மெயில் பெட்டியை யாரும் திறப்பதே இல்லை என்பதால் அது மூடியதே பலருக்குத் தெரியாது.

பலகையைக் கழற்றிவிட்டு வெறும் பொந்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போல இருந்தது. சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. ஒரு வீம்புக்கு ஊளை மெயிலில் கணக்குத் தொடங்கி, தனக்குத் தானே ஒரு கடிதம் எழுதினான். "நான் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. ஆனாலும் தோற்றுப்போனேன். என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை."

அனுப்பிய கொஞ்ச நேரத்தில் மரத்தடியில் இருமல் சத்தம் கேட்டது. நரி நின்றுகொண்டிருந்தது. கையில் ஓர் இலையில் கொஞ்சம் தேன்.

"அண்ணே, உங்க கடுதாசியைப் படிச்சேன். சாப்பிடப் பிடிக்கலேன்னு எழுதியிருந்தீங்களே, மனசு கேட்கல."

சடைவாலன் ஓவென்று அழுதுவிட்டான். வாழ்நாள் முழுக்க ஊராருடைய கடிதங்களைக் கட்டிக் காத்தவன் அவன். அவன் எழுதியதை ஒருவர் படித்துவிட்டு வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"தேன் என்ன விலை?" என்று அழுதுகொண்டே கேட்டான்.

"உங்களுக்கு இனாம்ணே. வேலைக்கு வர்றீங்களா? எனக்கு மரம் ஏறத் தெரியாது. பறவைங்க கடுதாசியைப் படிக்க, மரத்து விவரம் தெரிஞ்ச ஒருத்தர் வேணும்."

சடைவாலன் வேலைக்குச் சேர்ந்தான். ஆரம்பத்தில் ஒவ்வொரு கடிதத்தையும் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு படித்தான். போகப் போக இரண்டு கண்ணாலும் படித்தான். படிக்கப் படிக்கத்தான் இந்தக் காட்டில் எவ்வளவு பசி, எவ்வளவு பயம், எவ்வளவு மூட்டுவலி இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. இவ்வளவு நாள் இதையெல்லாம் சீண்டாமல் பொந்தில் பூட்டி வைத்திருந்ததை நினைத்து வெட்கப்பட்டான்.

அடுத்த வருடம் முட்டைக் காலம் வந்தது. மஞ்சளி மறுபடியும் உள்ளே போய் வாசலை அடைத்தாள். சில நாளில் அவள் பறம்பனுக்கு எழுதிய கடிதம் சடைவாலன் மேசைக்கு வந்தது.

"இந்த வருஷம் குஞ்சு ரெண்டுங்க. பழம் தீர்ந்துபோச்சு. சிறகெல்லாம் உதிர்ந்து கிடக்கேன், சுவரை உடைச்சாலும் பறக்க முடியாது. பக்கத்து மரத்துல சடைவாலண்ணன் இருக்காரு. நாலு பழம் கேட்கலாம்னு பார்த்தா, முன்ன மாதிரி காதைப் பொத்திக்குவாரோன்னு இருக்கு. மத்தபடி அவரு ரொம்ப நல்லவரு. எப்ப வர்றீங்க?"

அவன் அதை இரண்டு தடவை படித்தான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. தலைக்கு மேலே அத்திக் கொத்து ஆடிக்கொண்டிருந்தது. அதை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான்.

"என்னண்ணே எழுதியிருக்கா?" என்று கீழேயிருந்து நரி கேட்டது.

"பசிக்குதாம். குஞ்சு ரெண்டாம்."

"அப்புறம்?"

"வெளிய வரவும் வழியில்லையாம்."

சடைவாலன் வாலால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"மந்திகிட்டச் சொல்லி, பழத்து விலையைக் கொஞ்சம் ஏத்தச் சொல்லுங்க" என்றான்.

நீதி: உங்கள் கடிதத்தை யாருமே படிக்கக் கூடாது என்றால், அதை நேர்மையானவர் மூலமாகக் கணவருக்கு அனுப்பவும்.